வரிசையில் நிற்பதும் ஒரு பாடம்தான்

ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. ஆறாம் வகுப்புக்குள் ஆசிரியர் நுழைகிறார். கரும்பலகையில் பத்துக் கட்டளைகளை எழுதிப் போடுகிறார். நேரத்துக்கு வர வேண்டும். வகுப்பில் பேசக் கூடாது. வீட்டுப்பாடம் முடித்து வர வேண்டும். வரிசையில் செல்ல வேண்டும். இப்படியே பத்து. பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக் கொள்கிறார்கள். அவ்வளவுதான், ஒழுக்கம் நடத்தி முடித்தாயிற்று! ஜூலை மாதம் தண்டனை தொடங்கி விடுகிறது. "எத்தனை தடவை சொல்றது?" என்பதுதான் அதற்குப் பிறகு வருடம் முழுக்க அந்த வகுப்பில் கேட்கும் வாக்கியம்.

இதே ஆசிரியர் பின்னக் கணக்கை எப்படி நடத்துகிறார் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் விளக்குகிறார். பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறார். பிள்ளைகளைப் போடச் சொல்கிறார். தப்பாகப் போட்டால் எந்த வரியில் தப்பு என்று காட்டி மறுபடி போடச் சொல்கிறார். இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகிறது. "நேத்தே சொன்னேனே, ஏன் இன்னும் வரலை?" என்று பின்னக் கணக்குக்காக யாரையும் வெளியே நிற்க வைப்பதில்லை. ஆனால் அமைதியாக வகுப்புக்குள் வருவது, இன்னொருவர் பேசி முடிக்கும் வரை காத்திருப்பது, வேலையை நேரத்தோடு முடிப்பது ஆகியவற்றை மட்டும் ஒரு முறை சொன்னால் போதும், பிள்ளைக்கு வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இது நியாயமா?

அன்றாடப் பழக்கமும் நடத்தையும் சொல்லி வருபவை அல்ல. கற்றுத்தந்து, பழக்கி வருபவை. அதிலும் நடுநிலை வகுப்புகளான 6, 7, 8இல் இதைப் பாடமாகவே நடத்த வேண்டும். இது ஏன் அவசரம் என்பதைப் புரிந்துகொள்ள திருப்பூரை அடுத்த மங்கலத்தைப் போன்ற ஓர் ஊரைப் பார்த்தால் போதும்.

வீட்டுக் கடிகாரம் யார் கையில்?

நொய்யல் கரையில், திருப்பூருக்கும் சோமனூருக்கும் நடுவே இருக்கிறது மங்கலம். ஒரு பக்கம் விசைத்தறிக் கூடங்கள், இன்னொரு பக்கம் பனியன் கம்பெனிகள். தறி இரவும் ஓடும். கம்பெனியில் காலை எட்டரைக்கு உள்ளே போனால், எட்டு மணி நேர ஷிப்டோடு அரை ஷிப்டும் சேர்த்து இரவு எட்டரைக்கு வெளியே வரும் வழக்கம் திருப்பூர் முழுக்கத் தெரிந்தது. அதற்குப் பெயர் "ஒன்றரை ஷிப்டு". ஏற்றுமதி ஆர்டர் கப்பலேற வேண்டிய வாரமானால் இன்னும் நீளும். சனிக்கிழமை சம்பளம். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்த குடும்பங்களும், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் லைன் வீடுகளில் அடுத்தடுத்து வசிக்கிறார்கள்.

இந்த வீட்டில் வளரும் பதினொரு வயதுப் பிள்ளையின் நாள் எப்படி இருக்கும்? காலை எட்டு மணிக்கே அப்பாவும் அம்மாவும் கிளம்பி விடுவார்கள். பள்ளிக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் பெரியவர்கள் கிடையாது. தம்பியைக் கிளப்புவது, தண்ணீர் பிடித்து வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்துவது எல்லாம் அந்தப் பிள்ளையின் வேலை. மாலை நாலேகாலுக்குப் பள்ளி விட்டால் இரவு ஒன்பது வரை மறுபடி தனிமை. அம்மா வந்து அடுப்பு மூட்டிச் சாப்பாடு ஆகும்போது பத்து மணி. தூங்கப் பதினொன்று.

"ஏன்டா லேட்டு?"

"அம்மா ஷிப்டுக்குப் போயிட்டாங்க சார். எழுப்பி விட ஆளில்லீங்."

திருப்பூர் வட்டாரத்தில் எந்த ஆசிரியருக்கும் இந்த உரையாடல் புதிதாக இருக்காது. பலகையில் எழுதிய பத்துக் கட்டளைகளும், காலை எட்டு மணிக்கு வீட்டில் அம்மா இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அந்த அம்மா அப்போது பவர்டேபிளிலோ செக்கிங்கிலோ உட்காரப் போய்க் கொண்டிருக்கிறார். அவர் பிள்ளை மேல் அக்கறை இல்லாதவர் அல்ல. அந்தப் பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒன்றரை ஷிப்டு பார்க்கிறார். வீட்டில் பழக்க நேரமில்லாததைப் பள்ளியும் பழக்காமல் தண்டிக்க மட்டும் செய்தால், பிள்ளை எங்கேதான் கற்றுக்கொள்ளும்?

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு பள்ளம்

ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர், ஒரே அறை. யார் எப்போது வாடுவார்கள், யாரிடம் பென்சில் இருக்காது என்று அவருக்கு அத்துப்படி. ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு மணி. ஒருவர் எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வார், இன்னொருவர் உட்கார்ந்தபடி சொல்லலாம் என்பார். ஒருவர் சந்தேகம் கேட்டால் பாராட்டுவார், இன்னொருவர் குறுக்கே பேசாதே என்பார். பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

சாப்பாட்டிலும் இந்தப் பள்ளம் தெரிகிறது. தமிழ்நாடு அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. மிக நல்ல திட்டம். ஆனால் அது 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கென்று வகுக்கப்பட்டது. எட்டு வகுப்புகளும் ஒரே வளாகத்தில் இருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் உப்புமா சாப்பிட்ட பிள்ளை, ஆறாம் வகுப்புக்குப் போன ஜூனில் தட்டில்லாமல் நிற்கிறது. சத்துணவும் 1982இல் சின்னப் பிள்ளைகளுக்கே தொடங்கி, 1984இல்தான் 10 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு வந்தது. நடுவில் இருப்பவர்களை எப்போதும் கடைசியில்தான் நினைக்கிறோம். வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் "கவனி, கவனி" என்று சொல்வதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

பிரம்பு போன பிறகு

"முன்னெல்லாம் பிரம்பு இருந்தது, பயம் இருந்தது. இப்போ கண்டிக்கவும் முடியலை" என்பது ஆசிரியர்கள் பலரின் ஆதங்கம். தமிழ்நாட்டில் 2003இலேயே கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனைக்குத் தடை விதித்து விட்டார்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மனதைத் துன்புறுத்துவதையும் நாடு முழுவதும் தடை செய்கிறது. சரியான சட்டம்தான். ஆனால் பிரம்பை எடுத்துக்கொண்டவர்கள் அந்த இடத்தில் என்ன வைக்க வேண்டும் என்பதை ஆசிரியருக்குப் போதுமான அளவு சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் காலி இடத்தைத் திட்டலும் கேலியும் "வெளியே நில்லு"வும் நிரப்பிக் கொண்டன.

அந்த இடத்தில் வைக்க வேண்டியது பயிற்சி. அமெரிக்காவில் ஹாரி வாங், ரோஸ்மேரி வாங் தம்பதியர் 1991இல் வெளியிட்ட "பள்ளியின் முதல் நாட்கள்" பற்றிய புத்தகம் ஆசிரியர்களிடையே மிகவும் புகழ் பெற்றது. அவர்கள் சொல்லும் வழி மூன்றே படிகள்: விளக்கிச் சொல், செய்து பழக்கு, மறக்காமல் மீண்டும் உறுதிப்படுத்து. வகுப்பில் நடக்கும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை ஒழுங்கீனத்தால் வருவதில்லை. என்ன செய்வதென்று பழக்கப்படாததால் வருகின்றன என்பது அவர்களின் வாதம். நம்மூருக்கும் இது அப்படியே பொருந்தும்.

எதைப் பழக்குவது?

பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். சின்னச் சின்ன விஷயங்கள் போதும். வகுப்புக்குள் வந்ததும் பையை எங்கே வைப்பது, முதல் ஐந்து நிமிடம் என்ன செய்வது? பேனா இல்லையென்றால் யாரிடம், எப்படிக் கேட்பது? பாடம் புரியவில்லை என்றால் அதை எப்படிச் சொல்வது? சத்துணவுக்கு எந்த வழியாகப் போவது, தட்டை எங்கே கழுவுவது, மீந்ததை எதில் போடுவது? ஆசிரியர் வராத பாடவேளையில் என்ன செய்வது? இரண்டு பேருக்குச் சண்டை வந்தால் மூன்றாவது ஆள் என்ன செய்வது? ஒவ்வொன்றையும் முதல் இரண்டு வாரங்களில் செய்து காட்டி, பிள்ளைகளைச் செய்ய வைத்து, சரியாக வராவிட்டால் கோபமில்லாமல் "வாங்க, இன்னொரு தடவை செஞ்சு பார்ப்போம்" என்று மறுபடி செய்ய வைக்க வேண்டும். எல்லா ஆசிரியர்களும் கூடிப் பேசி ஒரே முறையை வைத்துக்கொள்வது ரொம்ப முக்கியம்.

முக்கியமாக, தாமதமாக வருவதற்கும் ஒரு முறை வேண்டும். மங்கலம் போன்ற ஊரில் யாராவது தாமதமாக வரத்தான் செய்வார்கள். வந்த பிள்ளை சத்தமில்லாமல் பின்வாசல் வழியே வந்து, தாமதப் பதிவேட்டில் பெயரும் காரணமும் எழுதிவிட்டு, பக்கத்துப் பிள்ளையிடம் பக்க எண் கேட்டுப் பாடத்தில் சேர்ந்துகொள்ளலாம். காரணத்தை ஆசிரியர் இடைவேளையில் தனியாகக் கேட்கலாம். நாற்பது பேர் முன்னால் "மகாராஜா வந்துட்டாரு" என்று சொல்லும் ஒரு வார்த்தையில், அடுத்த நாள் தாமதமானால் வராமலே இருந்து விடலாம் என்று அந்தப் பிள்ளை முடிவு செய்து விடுகிறது. பத்து நிமிடத் தாமதம் ஒரு நாள் விடுப்பாகிறது!

செய்து காட்டிப் பழக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒடியாவோ இந்தியோ பேசும் வீட்டிலிருந்து வந்து, தமிழில் அப்போதுதான் காது கொடுக்கத் தொடங்கிய பிள்ளைக்குப் பத்துக் கட்டளைகள் வெறும் சத்தம். ஆனால் நான்கு பேர் தட்டைக் கழுவி அடுக்குவதைப் பார்த்தால் ஐந்தாவதாக அதுவும் அடுக்கும். வகுப்பில் அதன் முதல் வெற்றி அதுவாகவே கூட இருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல

சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003இல் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலை நினைவிருக்கிறதா? ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி அனுபவம் அதற்கு வித்து. அந்த வகுப்பறையில் பிள்ளை தன் வருகையைத் தானே பதிந்தது. சுவரில் இருக்கும் ஏணிப் படத்தில் தான் எந்தப் படியில் இருக்கிறது என்று பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்தது. முடிந்ததும் இருந்த இடத்திலேயே வைத்தது. பாடம் கற்பதும் ஒழுங்காக இருப்பதும் ஒரே செயலாக இருந்தன. அந்த முறையில் குறைகளும் இருந்தன, விமர்சனங்களும் வந்தன. ஆனால் ஏழு வயதுப் பிள்ளை யாரும் அதட்டாமலே தன் வேலையைத் தானே தொடங்கும் என்பதை அது காட்டியது. ஏழு வயதில் முடிந்தது பன்னிரண்டு வயதில் முடியாதா?

ஜப்பானில் சாப்பாடு பரிமாறுவதும் வகுப்பறையைக் கூட்டுவதும் பிள்ளைகளின் முறைவேலை. அதைப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே நடத்துகிறார்கள். எகிப்து அந்த முறையைப் பின்பற்றி 2018இல் தனிப் பள்ளிகளையே திறந்தது. நாமும் செய்யலாம். ஆனால் நம்மூரில் செய்யும்போது ஒரு எச்சரிக்கை அவசியம். யார் கையில் துடைப்பத்தைக் கொடுக்கிறோம் என்பதில் இங்கே சாதி நுழைந்து விடும். 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியலின மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்ததாக எழுந்த புகாரில் தலைமை ஆசிரியை கைது செய்யப்பட்டார். மங்கலத்துக்கு அது தூரத்து ஊர் அல்ல. எனவே கழிவறை வேலை எந்தப் பிள்ளைக்கும் கூடாது. மற்ற முறைவேலைகள் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லோருக்கும் வர வேண்டும், ஆண் பிள்ளைகளுக்கும்தான்! நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. உட்காரும் இடம் கூட ஒரு பாடம் நடத்துகிறது என்பதுதான் அதன் பொருள்.

கம்பெனிக்கு ஆள் தயாரிக்கவா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மணி அடித்தால் எழு, வரிசையில் நில், சொன்னதைச் செய்... இதையெல்லாம் பழக்கினால் பனியன் கம்பெனிக்கு நல்ல வேலையாளைத்தானே தயார் செய்கிறோம்? கேட்க வேண்டிய கேள்விதான். பள்ளி ஒழுங்கு என்ற பெயரில் பல இடங்களில் நடப்பதும் அதுதான்.

வித்தியாசம் விதியில் இல்லை, விதி யாருக்காக என்பதில் இருக்கிறது. கம்பெனியில் ஒழுங்கு உற்பத்திக்காக. பள்ளியில் ஒழுங்கு பிள்ளைக்காக. ஆகவே ஏன் இந்த முறை என்று கேட்கும் உரிமையும், சரியில்லை என்றால் மாற்றச் சொல்லும் உரிமையும் பிள்ளைக்கு இருக்க வேண்டும். வகுப்பு விதிகளில் பாதியைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும். விதி ஆசிரியருக்கும் பொருந்த வேண்டும். பிள்ளை பேசும்போது ஆசிரியரும் குறுக்கிடக் கூடாது, பாடவேளைக்கு ஆசிரியரும் நேரத்துக்கு வர வேண்டும். மரியாதையாக "வேண்டாம்" என்று மறுப்பது எப்படி, தனக்கு அநியாயம் நடந்தால் யாரிடம் போய் எப்படிச் சொல்வது என்பதும் நடத்தைப் பாடத்தில் இருக்க வேண்டும். இதைப் பழகிய பிள்ளை நாளைக்குக் கம்பெனிக்கே போனாலும், ஓவர்டைம் கணக்கைக் கேட்கத் தெரிந்த ஆளாகப் போகும்.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே? சிலபஸ் யார் முடிப்பது?" என்பது அடுத்த கேள்வி. ஒரு சின்னக் கணக்கு: ஒவ்வொரு பாடவேளையிலும் சத்தம் அடங்கிப் புத்தகம் திறக்க ஐந்து நிமிடம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பாடவேளைக்கு நாற்பது நிமிடம். அதாவது தினமும் ஒரு முழுப் பாடவேளை வீண். வருடத்துக்கு இருநூறு வேலை நாள் என்றால் இருநூறு பாடவேளை! முதல் இரண்டு வாரத்தில் தினம் ஒரு பாடவேளையைப் பழக்கத்துக்குக் கொடுத்தால் கூட பத்துப் பாடவேளைதான் செலவு. எது லாபம்?

நாலேகாலுக்குப் பிறகு

பள்ளி விட்ட பின் இருக்கும் ஐந்து மணி நேரம்தான் இந்த ஊர்ப் பிள்ளைக்குப் பெரிய சவால். 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், 1 முதல் 8 வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் தன்னார்வலர்கள் வகுப்பெடுத்தார்கள். கொரோனாவில் விட்டுப்போன படிப்புக்காக வந்த திட்டம் அது. ஆனால் ஒன்றரை ஷிப்டு ஊர்களுக்கு அந்த மாலை நேரம் கொரோனாவுக்கு முன்னும் காலியாகத்தான் இருந்தது, பின்னும் அப்படியேதான் இருக்கிறது. எல்லா மாலைக்கும் ஆள் வைக்க முடியாவிட்டாலும், மாலையை எப்படிக் கழிப்பது என்பதை வகுப்பிலேயே பழக்கலாம். வந்ததும் முகம் கழுவி எதையாவது சாப்பிடுவது, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுப்பாடம், பிறகு விளையாட்டு, தூங்கும் முன் நாளைக்கான பையை அடுக்கி வைப்பது. இதைப் பிள்ளையே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். வாரம் ஒரு நாள், என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்று வகுப்பில் பேசட்டும். பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் வைத்துவிட்டு "யாரும் வர்றதில்லை" என்று சலித்துக்கொள்ளாமல், ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பார்க்கலாம்.

இதில் பணயமாக இருப்பது வகுப்பறை அமைதி மட்டும் இல்லை. பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை ஒரே நாளில் நிற்பதில்லை. முதலில் தாமதம். பிறகு திங்கட்கிழமை விடுப்பு. பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். பிறகு "சும்மா வீட்டில் இருக்கிறதுக்கு கைமடிக்காவது போகட்டும்" என்ற பேச்சு. 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. வீட்டிலேயே தறி ஓடும் ஊரில் அந்த வாசல் எவ்வளவு அகலம் என்று சொல்லவும் வேண்டுமா? சட்டம் வந்து தடுப்பதற்கு முன்னால், "பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது, போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்" என்ற தைரியம்தான் அந்தப் பிள்ளையைப் பிடித்து நிறுத்தும். காலை எழுவதிலிருந்து எதுவுமே நிச்சயமில்லாத ஒரு நாளில், நிச்சயமாக நடக்கும் சில மணி நேரங்களைப் பள்ளியால் கொடுக்க முடியும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பழமொழி சொல்வார்கள். ஐந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று சில வயதுகள் இருக்கின்றன. வளைக்கப் பார்த்தால் முறியும் வயதுகள் அவை. கூட நின்று பழக்கினால் பழகிக்கொள்ளும் வயதுகளும் அவையேதான். அடுத்த ஜூனில் அந்தப் பத்துக் கட்டளைகளைப் பலகையில் எழுதும் முன், சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, முதல் கட்டளையை ஒரு தடவை பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பார்க்கட்டும் ஆசிரியர்கள்.